ஈரச்சுவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன்

தம்பி, உங்க காதுல மாட்டியிருக்கீங்களே அந்த ஒயரு, அது என் ஃபோன்லயும் சொருகுமா? இப்ப வேண்டாம், நீங்க கேட்டு முடிங்க. எழும்பூர் போய்ச் சேர அஞ்சு மணி நேரம் கிடக்கு. நான் ஒண்ணும் அவசரக்காரன் இல்ல. இருபத்தஞ்சு வருஷம் பொறுத்தவனுக்கு அரியலூர் வரைக்கும் பொறுக்க முடியாதா?

என் பேரு சவரிமுத்து. திருச்சி, மேலப்புதூர். கல்யாண வீடியோ எடுக்கறேன். அதுக்கு முன்னாடி சினிமாவுல இருந்தேன். 'ஈரச்சுவர்'னு ஒரு படம் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா அவங்க ஏற்கனவே ஒரு முடிவு பண்ணி வச்சிருப்பாங்க. உங்ககிட்ட சொன்னா நியாயம் எந்தப் பக்கம்னு நீங்களே பார்த்துக்குவீங்க.

பேய்ப் படம்தான். ஆனா பேய் கிடையாது. புருஷன் செத்துப்போன ஒரு பொண்ணு, மூணாவது மாடி வீட்டுல தனியா இருக்கா. சுவத்துல ஒரு ஈரம் பரவுது. அந்த ஈரத்துல காதை வச்சா புருஷன் பேசறது கேக்குது. நிஜமாவே கேக்குதா, இவளுக்குப் புத்தி பிசகிடுச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க. அவ்வளவுதான் கதை. வெளியான நாலாம் நாள் தியேட்டர்ல இருந்து படப்பெட்டி திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் படத்தை நாய்கூட சீண்டல.

இப்ப என்னடான்னா, ரெண்டு வருஷமா அதைத் தூக்கி வச்சுக் கொண்டாடறானுங்க. யூடியூப்ல ஒருத்தன் முக்கா மணி நேரம் பேசறான். தமிழ்ல மனசை வச்சு மிரட்டின ஒரே படமாம், நம்ம கண்ணுல படாமப் போச்சாம். இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மயிலாப்பூர்ல ஒரு ஃபிலிம் கிளப்காரங்க படத்தைப் போட்டு, டைரக்டருக்குப் பொன்னாடை போத்தறாங்க. டைரக்டர் பேரு பரஞ்சோதி. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. இன்னிக்கு அந்த ஆளோட மூக்கை உடைக்கத்தான் நான் போறேன்.

இல்ல தம்பி, பயப்படாதீங்க. கைகலப்பெல்லாம் நமக்கு வராது. எனக்குக் கோவமே வராது. வீட்டுல வேணும்னா கேட்டுப் பாருங்க. இந்த இருபத்தஞ்சு வருஷத்துல அந்த ஆளுக்கு எதிரா நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. அவரு அடுத்த படம் ஆரம்பிச்சப்ப தயாரிப்பாளருக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், அது என் பேரைப் போடாமத்தான் போட்டேன். அந்தப் படம் வந்தப்ப டிக்கெட் எடுத்துப் போயி, இடைவேளைக்கு முன்னாடியே எழுந்து நின்னு சத்தமா ஒரு கொட்டாவி விட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான். வேற ஒருத்தனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

விஷயத்துக்கு வர்றேன். அந்தப் படத்துல நடிச்ச பொண்ணு பேரு சுபர்ணா. ஒரிசாக்காரி, கட்டாக்குல நாடகத்துல நடிச்சிட்டிருந்தவ. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அப்பல்லாம் எப்படின்னா, வெளியூர் ஹீரோயின் வந்தா, கேமராவுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். படத்துல தெரியாத மாதிரி. அவன் வசனத்தை ஒவ்வொரு வரியாச் சொல்லிக்கிட்டே வருவான். அந்தப் பொண்ணு அதைக் கேட்டு, வாயசைச்சு, நடிக்கும். அப்புறம் டப்பிங்ல வேற ஒரு பொண்ணு வந்து குரல் கொடுக்கும். ப்ராம்ப்டிங்னு சொல்லுவாங்க. அந்த வேலையில என்னை மாதிரி ஒருத்தன் கோடம்பாக்கத்துலயே கிடையாது. சும்மா சொல்லல. எங்க ஊருல ஏசுவைச் சிலுவையில அறையற பாஸ்கா நாடகத்துல பதினோரு வருஷம் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாடி நின்னு வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான். யூதாசா நடிச்ச ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனுக்கு ஒரு வரிகூட மனப்பாடம் ஆகாது. நான் எடுத்துக் கொடுக்கிற தொனியிலயே அந்த மனுஷன் அழுதுடுவாரு. ஊரெல்லாம் அவரைக் கட்டிப் பிடிச்சாங்க. என்னை யாரு பார்த்தா?

வசனம் சொல்றதுன்னா படிச்சுக் காட்டறது இல்ல தம்பி. பயப்படுற வசனத்தை பயத்தோட சொல்லணும். அப்பத்தான் எதிர்ல இருக்கிற மூஞ்சியில அது போய் ஒட்டும். கேமரா படம் பிடிக்கிறது அந்த மூஞ்சியை. ஆனா அந்த மூஞ்சி படம் பிடிக்கிறது என்னை. புரியுதா?

நாப்பது நாள் ஷூட்டிங். நாப்பது நாளும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொண்ணு எதிர்ல நான்தான். பரஞ்சோதி ஒரு மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. "சரி", "இன்னொரு தடவை". இந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் இன்னிக்குப் பொன்னாடை.

நல்ல பொண்ணுதான், குறை சொல்லல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் டைரக்டர் பக்கத்துல போய் உக்காருவாங்க. அவ என் பக்கத்துல வந்து உக்காருவா. அரைகுறை இங்கிலீஷ்ல பேசிக்குவோம். ஒருநாள் பர்ஸ்ல இருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக் காட்டினா. அவ தம்பியாம். பேரு டுக்குனா. எட்டு வயசுல பூரி கடல்ல அலை இழுத்துட்டுப் போயிடுச்சாம். இவதான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம். கை நழுவிடுச்சாம். யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன்னா. நான் நோண்டிக் கேக்கல, அவளாத்தான் சொன்னா. இதை நீங்க கவனிச்சுக்கணும்.

அப்புறம் அந்தப் பெரிய ஷாட் வந்துச்சு. யூடியூப்காரன் முக்கா மணி நேரம் பேசறானே, அதுல அரை மணி நேரம் அந்த ஒரு ஷாட்டைப் பத்தித்தான். ஒன்பது நிமிஷம், வெட்டே கிடையாது. பட்டப்பகல்ல ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி எடுத்தது. அவ சுவத்துல காதை வச்சுக்கிட்டு புருஷன்கூடப் பேசறா. பேசப் பேச, மெதுவாத் திரும்பி கேமராவுக்குப் பக்கத்துல ஒரு இடத்தைப் பார்க்கறா. அந்தப் பார்வையைப் பார்த்தா உங்களுக்கு முதுகு சில்லிடும். "அங்கே அவள் யாரைப் பார்க்கிறாள்?"னு கேக்கறான் அந்த யூடியூப்காரன். யாரைப் பார்க்கறா? என்னைத்தான்டா பார்க்கறா. அங்க வசனம் எழுதின அட்டையைக் கையில வச்சுக்கிட்டு நின்னது சவரிமுத்துடா.

நான் என்ன பண்ணேன்னா, நாலாவது நிமிஷம் வரைக்கும் ஒழுங்கா வசனம் சொன்னேன். அவ நடிச்சா. நல்லாத்தான் நடிச்சா, ஆனா நடிப்பு. எனக்குத் திருப்தி இல்ல. அடுத்த வரி, "நீங்களா? நீங்கதானா?". அதைச் சொல்லல. சொல்லாம, மெதுவா, சுவத்துக்குள்ள இருந்து கூப்பிடற மாதிரி, "டுக்குனா"ன்னேன். மூணு தடவை சொன்னேன்.

அந்த மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும் தம்பி. ரத்தமெல்லாம் வடிஞ்சு போச்சு. உதடு அசையல. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒரு பொண்ணுகிட்ட இருந்து அப்படி ஒண்ணை வெளியில கொண்டுவர எத்தனை டைரக்டரால முடியும்? பரஞ்சோதியால முடியுமா? ஒத்த வார்த்தை. அப்புறம் மிச்ச வசனத்தைச் சொல்லி ஒன்பது நிமிஷத்தையும் முடிச்சேன்.

இப்பவும் அதே வித்தைதான் எனக்குச் சோறு போடுது. கல்யாணத்துல பொண்ணு மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது சில பொண்ணுங்க அழாது. இப்பத்திய பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறிடுது. வீடியோவுல நல்லாவா இருக்கும்? நான் பக்கத்துல போவேன். அப்பா இல்லாத பொண்ணா இருந்தா, "அப்பா மேல இருந்து பார்த்துக்கிட்டிருப்பாரும்மா"ன்னு காதுல ஒரு வார்த்தை. அப்புறம் கேமராவை வச்சா போதும். வீடியோவைப் பார்த்துட்டு வீட்டுக்காரங்களே ஃபோன் பண்ணி, அண்ணே, அழ வச்சுட்டீங்கன்னு சொல்லுவாங்க.

சரி, இப்ப அநியாயத்தைக் கேளுங்க. படம் ரிலீஸ் ஆச்சு. திருச்சியில மத்தியான ஷோவுக்கு எங்கம்மா, சம்சாரம், அக்கா குடும்பம், எல்லாம் சேர்த்து பதினாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன். டைட்டில் ஓடுது. இணை இயக்கம்னு வருது, வேற ஒருத்தன் பேரு. உதவி இயக்கம் அஞ்சு பேரு. நான் இல்ல. சாப்பாடு சப்ளை பண்ணவன் பேரு வருது தம்பி. வீடு கொடுத்த செட்டியாருக்கு நன்றி வருது. என் பேரு இல்ல. எங்கம்மா இருட்டுல என் தொடையைத் தட்டி, "வந்துச்சாடா? எனக்குத்தான் கண்ணு தெரியல"ன்னாங்க. என் சம்சாரம், "வேகமாப் போயிடுச்சு அத்தை, இன்னொரு தடவை பார்ப்போம்"னா. பதினாலு பேரும் சாயங்கால ஷோவுக்கு மறுபடியும் உக்காந்தோம். மறுபடியும் இல்ல. எங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் படத்துப் பேச்சை எடுக்கல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நான் சினிமாவுல இருந்தேன்னு சொன்னதே பொய்னு நெனச்சுட்டாங்களோ என்னவோ.

அடுத்த வாரமே சாலிகிராமம் போனேன். பரஞ்சோதி கேட்டுலயே நின்னுக்கிட்டாரு, உள்ள வான்னு சொல்லல. "ஏன் சார் என் பேரை எடுத்தீங்க?"ன்னேன். "விட்டுடு சவரி"ன்னாரு. "காரணம் சொல்லுங்க சார்"னேன். "விட்டுடுப்பா"ன்னுட்டு கேட்டைச் சாத்திட்டாரு. காரணம் எனக்குத் தெரியாதா? அந்த ஷாட்டை எடுத்தது நான்னு வெளியில தெரிஞ்சா அவருக்கு என்ன மரியாதை? பொறாமை தம்பி. அதுக்கப்புறம் எந்த கம்பெனியிலயும் எனக்கு வேலை இல்ல. ஊருக்கு வந்துட்டேன்.

ஆனா ஆண்டவர் என் பக்கம் இருக்காரு. ஷூட்டிங் நடக்கும்போது டப்பிங்குக்கு அடையாளம் வேணும்னு ஒரு டேப்ல எல்லாச் சத்தமும் பதிவாகும். டப்பிங் முடிஞ்சா அதுக்கு வேலை இல்ல, தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த ஷாட்டோட டேப் சுருளை மட்டும் நான் அப்பவே எடுத்து வச்சுக்கிட்டேன். ஞாபகார்த்தமா. இத்தனை வருஷமும் பீரோவுல வேட்டிக்கு நடுவுல கிடந்துச்சு, போட்டுக் கேக்க மெஷின் இல்ல. போன வாரம்தான் தில்லைநகர்ல ஒரு ஸ்டூடியோக்காரர் அதை ஃபோனுக்கு மாத்திக் கொடுத்தாரு. என் குரல் அட்சர சுத்தமா இருக்கு. மொத்தம் அரை மணி நேரம் ஓடுது, ஆனா எனக்கு வேண்டியது முதல் ஒன்பது நிமிஷம்தான். ஒரு நாளைக்கு எட்டு பத்துத் தடவை கேக்கறேன். இன்னிக்குப் படம் முடிஞ்சதும் கேள்வி கேக்க மைக் கொடுப்பாங்க. வாங்கி, இந்த ஃபோனை மைக்குக்கிட்ட வச்சு அழுத்திடுவேன். பரஞ்சோதி மேடையில போத்தின பொன்னாடையோட உக்காந்து கேக்கட்டும். சுபர்ணாவும் வர்றாளாம், நோட்டீஸ்ல ஃபோட்டோ போட்டிருக்கான். அவளே எழுந்து சொல்லட்டும், அந்த நடிப்பு யாரு கொடுத்ததுன்னு.

கேக்கறீங்களா? சொருகுங்க. சத்தத்தை நீங்களே வச்சுக்கங்க. ரயில் சத்தத்துல என் ஃபோன் சும்மா கேக்காது, அதுக்குத்தான் உங்க ஒயரைக் கேட்டேன்.

நாலாவது நிமிஷம் வரும் பாருங்க.

வந்துச்சா? மூணு தடவை. எப்படி?

கையைக் காட்டறீங்களே, இன்னும் கேக்கணுமா? சரி சரி, கேளுங்க. விருத்தாசலத்துல வடை நல்லா இருக்கும், வாங்கட்டுமா?

தம்பி, ஒன்பது நிமிஷம் எப்பவோ முடிஞ்சிருக்குமே. எடுத்துடுங்க, அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது. மெஷினை நிறுத்த மறந்திருப்பானுங்க, சும்மா பேச்சுச் சத்தம்தான்.

நானா? நான் கேட்டதில்ல. எனக்கு எதுக்கு? என் பகுதி முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து போட்டுக்குவேன். சரி, கொடுங்க. கேக்கறேன். ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

விழுப்புரம் தாண்டிடுச்சா? இந்தாங்க உங்க ஒயரு. இல்ல, தண்ணி வேண்டாம்.

சுபர்ணா தமிழ் பேசறா தம்பி. கேட்டீங்கல்ல? கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனா தமிழ். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஷாட் முடிஞ்சதும் என்னைப் பரஞ்சோதி கூப்பிட்டு, பல்வலி, கிராம்புத் தைலம் வாங்கிட்டு வான்னாரு. இப்பதான் ஞாபகம் வருது. ரெண்டு தெரு சுத்தி வாங்கிட்டு வந்தேன். வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாங்க, ஷாட் ஓகேன்னாங்க. என்னோடதுதான் ஓகேன்னு நெனச்சேன். வேற எப்படி நெனைக்கிறது?

"எனக்கு வசனம் எல்லாம் தெரியும் சார், முதல் வாரத்துலயே தெரியும்"கிறா. "அவர் வேலை போயிடக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டு நின்னேன்"கிறா. அதுக்கு அந்த ஆளு, "தெரியும்மா"ங்கிறாரு. நாப்பது நாளும் ரெண்டு பேருக்கும் தெரியுமாம். நான் தொண்டை கிழியக் கத்தினது அவளுக்குத் தேவையே இல்லையாம். சும்மா கேட்டுக்கிட்டு நின்னாளாம், எனக்காக.

அப்புறம் என்ன சொன்னா? நீங்களும் கேட்டீங்க. "என் பயத்தை நான் காலையில இருந்து சேர்த்து வச்சேன். அவர் பேர் சொன்னதும் எல்லாம் போச்சு. நான் அங்க நடிக்கல சார், அங்க நானாவே நின்னுட்டேன்." அழல பாருங்க. அழாமச் சொல்றா. அப்புறம் இன்னொரு டேக். யாரும் வசனம் சொல்லல. ஒன்பது நிமிஷம், அவ குரல் மட்டும். ஒரு வரி பிசகல. கடைசியில பரஞ்சோதி சொல்றாரு, "இதான். முதல் டேக் என்.ஜி., பிரிண்ட் போட வேண்டாம்." என்.ஜி.ன்னா தேறாதுன்னு தள்ளறது.

ஆமா, தியேட்டர்ல பார்க்கும்போதே அந்த இடம் எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. லேப்ல ஏதோ பண்ணிட்டானுங்கன்னு நெனச்சேன்.

அப்ப அவ பார்க்கறாளே, அந்தப் பார்வை. அங்க யாருமே நிக்கல. நான் கிராம்புத் தைலம் வாங்கிக்கிட்டிருக்கேன்.

கதவுகிட்டப் போய் நின்னுட்டு வர்றேன் தம்பி.

செங்கல்பட்டா? ஏரியில தண்ணி நிறைய இருக்கே.

ஒண்ணு யோசிச்சேன். அவ தமிழ் எங்க கத்துக்கிட்டா? ஹேர்டிரெஸ்ஸர் அக்காகிட்ட கத்துக்கிட்டேன்கிறா. நாப்பது நாள் அவ காதுல விடாமத் தமிழ் பேசினவன் யாரு? அதை யாரும் சொல்ல மாட்டாங்க. நன்றின்னு ஒண்ணு இருந்தா சொல்லுவா.

பரஞ்சோதியை விடுங்க. பாவம், அந்த மனுஷன். டேப் முடியற இடத்துல அவ கேக்கறாளே, "அவர் பேரும் என் பேரும் ஒரே படத்துல வரக்கூடாது சார், இல்லைன்னா என் பேரை எடுத்துடுங்க"ன்னு. அதுக்கு அவரு, "அவன் பேரை எடுத்துடறேன். ஆனா காரணம் சொல்ல மாட்டேன், கேட்டா தாங்க மாட்டான்"கிறாரு. அந்த ஆளு மேல நான் ரெண்டு லெட்டர் போட்டிருக்கேன். இருபத்தஞ்சு வருஷம் தப்பான ஆளைத் திட்டியிருக்கேன். எங்கம்மா அன்னிக்கு இருட்டுல தேடினாங்களே, அந்தப் பேரை எடுத்தது அவ. பக்கத்துல உக்காந்து சோறு தின்னவ. ஒரு வார்த்தைக்காக. ஒரு செத்துப்போன பையன் பேரைச் சொன்னதுக்காக. அதுவும் அவ படம் நல்லா வரணும்னு சொன்னது.

வேண்டாம் தம்பி, அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க சின்னவர். உங்களுக்குப் பேரு போன வலி தெரியாது.

தாம்பரம் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? உங்ககிட்ட லேப்டாப் இருக்கு. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்த ஒன்பது நிமிஷத்தோட இதை வெட்டிக் கொடுத்துடுங்க. பின்னாடி இருக்கிறது எதுவும் வேண்டாம், யாரும் கேக்கக்கூடாது. ஒன்பதுகூட வேண்டாம். ஒரு நிமிஷம் போதும், நாலாவது நிமிஷத்துல இருந்து. அவ முன்வரிசையிலதான் உக்காந்திருப்பா. அந்தப் பேரு வர்ற இடத்துல மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க.